தண்ணி எங்கே போகுது

முள் இன்றைக்கும் கீழே விழுந்து கிடக்கிறது. குசினிக்குள் போய்ப் பார்க்கவே தேவையில்லை, மாடியிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிடும், படிக்கட்டுக் கைபிடிதான் முதலில் சொல்லும், பிறகு கால்விரல், பிறகு மூக்கு நுனி. ஆறிப்போன வீட்டுக்கு ஒரு மணம் இருக்கிறது, கழுவிக் கவிழ்த்த சட்டிக்குள் முகத்தை விட்டது மாதிரி. என்றாலும் போய்ப் பார்க்கிறேன், பார்க்காமல் இருக்கப் பயம். அலுமாரிக் கதவைத் திறந்தால் வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் ஒரு பாவமும் அறியாத வெள்ளை நிறத்தில் சுவரோடு ஒட்டி நிற்கிறது, அதன் அடியில் தண்ணீர் அழுத்தம் காட்டுகிற அந்தச் சின்ன வட்டம், வட்டத்துக்குள் முள், முள் சைபரில். நேற்று விடியவும் தண்ணீர் ஏற்றினேன், முந்தநாளும் ஏற்றினேன். ஏற்றினால் பின்னேரம் வரைக்கும் இழுக்கும், பிறகு மெல்ல மெல்ல இறங்கி, நாங்கள் படுத்த பிறகு யாருக்கும் சொல்லாமல் நின்றுவிடும். குனிகிறேன். குனிவதென்றால் இப்போதெல்லாம் முதலில் மேசையில் ஒரு கை, பிறகு ஒரு முழங்கால், பிறகு மற்றது, கோயிலில் விழுந்து கும்பிடுகிற மாதிரி. பொயிலருக்குக் கீழே பின்னல் போட்ட ஒரு வெள்ளிக் குழாய், இரண்டு பக்கமும் இரண்டு கறுப்புத் திருகு. முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். இஸ்ஸென்று தெருத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுகிறது, முள் சோம்பல் முறித்துக்கொண்டு எழும்புகிறது, பச்சைக் கோட்டுக்குள் வந்ததும் பூட்ட வேண்டும், கூடினாலும் பிழையாம். பூட்டினேன். முழங்கால் நிலத்தில்தான் இருக்கிறது, எழும்ப மனமில்லை. இப்படியே இந்த அலுமாரிக்குள் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தால் என்ன, யார் வந்து கேட்கப் போகிறார்கள். முன்னறையிலிருந்து சத்தம் வருகிறது. "தண்ணி." வந்துவிட்டது. நான் கீழே இறங்கினால் போதும், என் புருஷனுக்குத் தாகம் வந்துவிடும். "தண்ணி, தண்ணி." வாறன் அப்பா, வாறன், ஒரு பக்கம் வீடு தண்ணி கேட்குது, மற்றப் பக்கம் நீங்கள் கேட்கிறீங்கள், எனக்கு ரெண்டு கைதானே.

மூக்கு வைத்த கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, அதில் அந்தத் தடிப்பாக்கும் மாவைக் கரைத்து, சும்மா தண்ணீர் குடித்தால் நெஞ்சுக்குள் போய்விடுமாம், கொண்டுபோய்க் கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டார். இது தினமும் நடக்கிறது. கேட்பது, கொண்டுவந்தால் உதட்டை இறுக்குவது. தேத்தண்ணியோ என்று நினைத்துத் தேத்தண்ணி கொடுத்துப் பார்த்தேன். முகம் கழுவவோ என்று துவாயை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றுக்குப் போகவோ என்று அதற்கும் பார்த்தேன். ஒன்றுமில்லை. வலது கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு, இடது கண் எங்கேயோ தன்பாட்டில். ஸ்ரோக் வந்த பிறகு இந்த வாயிலிருந்து வருகிற சொற்களே இரண்டுதான், தண்ணி, ஓம். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பழக்குகிற பெண்பிள்ளை ஒருத்தி வந்து படங்களைக் காட்டினாள், பூனை, கதவுத் திறப்பு, சப்பாத்து. "மிஸ்டர் குணபாலசிங்கம், இது பூனையா?" ஓம். "இது சப்பாத்தா?" திறப்பைக் காட்டித்தான் கேட்டாள். ஓம். அவள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, விளங்குவது மிகவும் குறைவு, நீங்கள் மனதைத் தயார்படுத்த வேண்டும் என்று சொன்னாள். தயார்படுத்தினேன். மனதைத் தயார்படுத்துவது பெரிய கஷ்டமில்லை, உடம்பைத்தான் தயார்படுத்த முடியவில்லை. இடது கையைத் தொட்டுப் பார்க்கிறேன், குளிர்ந்துபோய் நகமெல்லாம் நீலம். இந்தக் கை குளிர்வது அவருக்குத் தெரியாது, அந்தப் பக்கம் முழுவதும் வேறு யாருடைய உடம்போ. கம்பளிக் கையுறையைப் போட்டுவிடுகிறேன். குளிர்காலத் தொடக்கத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டொக்டர் சொன்னார், வீட்டைச் சூடாக வைத்திருங்கள், இன்னொருதரம் வந்தால் தாங்க மாட்டார் என்று. சொல்லிப்போட்டுப் போய்விட்டார். இந்த வெள்ளைப் பெட்டி அதைக் கேட்கவில்லை.

தண்ணி எங்கேதான் போகிறது. இதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு நாளா இரண்டு நாளா, ஒவ்வொரு விடியலும் நான் வாளிக் கணக்கில் உள்ளே ஏற்றுகிற தண்ணீர் எங்கேயோ போக வேண்டும்தானே, ஆவியாகப் போக இது என்ன கேத்திலா. பொயிலர் சுடவைக்கிற தண்ணீர் சுற்றி ஓடுகிற எல்லா றேடியேற்றருக்கும் கீழே பழைய துவாய் விரித்துப் பார்த்தாகிவிட்டது. திருகுகளைச் சுற்றி ரொய்லெற் பேப்பர் சுற்றி வைத்தேன், ஈரம் பட்டால் தெரியுமாம், எல்லாம் காய்ந்து மொறமொறவென்று கிடக்கிறது. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டு நிற்கிற செப்புக் குழாய்க்குப் பிளாஸ்ரிக் பை கட்டிப் பார்த்தோம், பைக்குள் ஒரு செத்த பூச்சியைத் தவிர ஒன்றுமில்லை. கூரையைப் பார்க்கிறேன், கறை இல்லை. சுவரைத் தடவுகிறேன், காய்ந்த சுவர். போன கிழமை இரவெல்லாம் ஒரே நினைப்பு, சுவருக்குள் தண்ணீர் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் பொத்தென்று முழுவதும் சரியப் போகிறது, இவர் கட்டிலோடு, நான் மேலே. பிறகு அதையும் நினைக்கக் களைத்துப் போனேன். முதலில் வந்த வெள்ளைக்காரன் ஏதோ ஒரு பாகத்தை மாற்றி, இனி ஒரு பிரச்சினையும் இல்லை என்று பெருவிரலைக் காட்டிவிட்டுப் போனான். பிறகுதான் கஜரூபன் வந்தான், கோயிலில் யாரோ நம்பர் தந்தார்கள், எங்கள் ஆள், பொயிலர் வேலைதான் செய்கிறான், வாயோயாமல் கதைப்பான். அவன் உள்ளே ஒரு காற்றுப்பெட்டி இருக்கு அன்ரி, அதிலைதான் காத்துப் போயிட்டுது என்று சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்றால் அடித்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் முள் கீழே. மறுபடி வந்து வேறொன்றை இறுக்கினான். மறுபடி கீழே. இன்றைக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வந்து என்ன. எல்லாரும் வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள், காலமையில் முழங்காலில் நிற்பது நான்தான்.

போன் அடிக்கிறது. அக்காதான், மெல்பேர்ணில் இப்போது அவளுக்குப் பொழுதுபட்டு, சாப்பாட்டு வேலை முடிந்து, கதைக்க வாய் ஊறுகிற நேரம். போனை இவருடைய கட்டில் விளிம்பில் சாத்திவிட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன், அப்போதுதான் எனக்குக் கஞ்சி தீத்தக் கை கிடைக்கும். "என்ன யோகா, இண்டைக்கும் வீடு குளிரோ?" "குளிர்தான் அக்கா." "வியாழக்கிழமைதானே அந்தப் பிள்ளை வாறாள், சோஷல் வேர்க்கர்?" "ஓம், மகள் அபிராமியும் பிரிஸ்டலிலையிருந்து வாறாளாம், அவரை வைச்சுப் பாக்க ஹோம் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறாள், நல்ல இடமாம், எந்த நேரமும் சூடாம்." "அப்ப விடு. எத்தனை நாளைக்கு நீ தூக்கிப் பறிப்பாய்? அவருக்கு அங்கையெண்டாலும் ஒண்டுதான் இஞ்சையெண்டாலும் ஒண்டுதான், ஒண்டும் விளங்காது." கரண்டியில் கஞ்சி ஆறிவிட்டது. ஊதத் தேவையில்லை, இந்த வீட்டில் எதுவும் தானாகவே ஆறிவிடும். "அக்கா, உண்மையைச் சொன்னால் நித்திரையிலை போய்ச் சேந்திட்டால் அவருக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி எண்டு சில நேரம் நினைக்கிறன்." சொல்லிவிட்டேன். இதை முன்னரும் சொல்லியிருக்கிறேன், அழாமல், விலை சொல்கிற மாதிரி. அக்கா இச்சுக்கொட்டுகிறாள், அப்படிச் சொல்லாதை என்று சொல்லவில்லை. இவர் கஞ்சியை விழுங்குகிறார், தொண்டை ஏறி இறங்குகிறது, நான் கடைவாயைத் துடைக்கிறேன். வாசல் மணி அடிக்கிறது. வைக்கிறன் அக்கா, பொயிலர்காரத் தம்பி வந்திட்டுது.

கஜரூபன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கதைக்கத் தொடங்கிவிட்டான். "அன்ரி, இண்டைக்கு நான் இதைக் கண்டுபிடிக்காமல் போகமாட்டன், ராத்திரி எனக்கு நித்திரையே இல்லை, மனிசி ஏசுறாள், படுக்கையிலையும் பொயிலரோ எண்டு." அவனுக்கு நித்திரை இல்லாததைக் கேட்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. முன்னறைக்குள் தலையை நீட்டி, "அங்கிள், சுகமோ?" என்றான். ஓம், என்றார் இவர். அவன் குசினிக்குள் போய்ப் பொயிலருக்கு அடியில் கைவிட்டு என்னவோ பூட்டினான், அரைமணித்தியாலம் பார்த்தான், முள் அசையவில்லை. "பொயிலரிலை பிழை இல்லை அன்ரி. பொயிலரை வீட்டுக் குழாயளிலையிருந்து பிரிச்சுப் பூட்டிப்போட்டுப் பாத்தனான், இறங்கேல்லை. அப்ப வெளியிலை போற குழாயிலைதான் எங்கையோ." "எந்தக் குழாயிலை தம்பி?" "அதுதானே. வீடு முழுக்கக் குழாய்தானே நிலத்துக்குக் கீழை. எல்லா இடமும் பலகை கிளப்பேலாது. பிறெஷரைக் கொஞ்சம் கூட்டி விட்டுப் பாப்பம், சத்தம் ஏதும் கேட்டால் கேக்கட்டும்." அவன் திருகைத் திறக்கிற சத்தம், இஸ்ஸென்று தண்ணீர் ஏறுகிற சத்தம், பிறகு முன்னறையிலிருந்து, "தண்ணி! தண்ணி!" எனக்கு வந்ததே ஒரு கோபம். இப்போதுதான் கஞ்சி தீத்தி, வாய் துடைத்து, தண்ணீரும் காட்டி, வேண்டாமென்று உதட்டை இறுக்கி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனேன், உதட்டோடு வைத்து அழுத்தினேன், கொஞ்சம் பலமாகத்தான் அழுத்தினேன். வலது கை எழும்பியது. கோப்பையைத் தட்டிவிட்டார். என் சட்டை, கட்டில், காபெற் எல்லாம் கொழகொழவென்று மாத் தண்ணீர். என்னைத் தட்டிவிடுகிற மனிதன் இல்லை அவர், ஸ்ரோக்குக்கு முன்னரும் பின்னரும் இல்லை. கத்த வாயைத் திறந்தேன். அந்தக் கை இறங்கவில்லை. கட்டிலுக்கு வெளியே நீட்டி, ஒரு விரலை மட்டும் மடக்காமல், கீழே காட்டிக்கொண்டு நின்றது. கீழே சிந்தின தண்ணீரைக் காட்டுகிறாரோ என்று நினைத்தேன், தட்டிவிட்டதுமல்லாமல் துடைக்கச் சொல்லுகிறாரோ என்று.

துடைக்கக் குனியும்போதுதான் அது தலைக்குள் வந்தது, மெல்ல, யாரோ பின்னால் வந்து நிற்கிற மாதிரி. விடியக் காலமை நான் தண்ணீர் ஏற்றுவேன், இவர் தண்ணி என்பார். நான் இறங்கி வந்ததும் கேட்கிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். நான் இறங்கி வருவதற்கும் திருகைத் திறப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது, அதற்குள் ஒருநாளாவது கேட்டாரா. வெளியில் போய் நடைக்கூடத்தில் நின்றேன், இந்தப் பக்கம் குசினி, அந்தப் பக்கம் முன்னறை. "தம்பி, அந்தத் திருகைப் பூட்டும்." "என்ன அன்ரி?" "பூட்டிப்போட்டுப் பிறெஷரை இறக்கும் ஒருக்கா." அவன் இறக்கினான். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. முன்னறையில் ஒன்றுமில்லை. "என்னப்பா, தண்ணி வேணுமோ?" என்று கேட்கலாம், கேட்டால் ஓம் என்பார், இவரிடம் கேட்டு ஒன்றையும் அறிய முடியாது. ஆகவே கேட்கவில்லை. "இப்ப திறவும் தம்பி. சத்தம் போடாமல் திறவும்." முள் ஏறுவது எனக்குத் தெரியவில்லை, ஆனால் இவருக்குத் தெரிந்தது. "தண்ணி." "பூட்டி இறக்கும்." பேச்சில்லை. "திறவும்." "தண்ணி." கஜரூபன் குசினி வாசலில் வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் அவனும் முன்னறைக்குள் போய், நான் மறுபடியும் முழங்காலில், அவன் காதைக் காபெற்றில் வைத்துக் குப்புற. கட்டிலுக்கு அடியில், தலைமாட்டுப் பக்கம், இருக்கிறதோ இல்லையோ என்ற மாதிரி ஒரு சத்தம், எண்ணெயில் ஈரமாய் ஒன்று விழுந்து தூரத்தில் பொரிகிற மாதிரி. இந்தச் சத்தத்தின் மேல்தான் இவ்வளவு நாளும் தலையணை வைத்துக் கிடந்திருக்கிறார். "அங்கிள்தான் கண்டுபிடிச்சிருக்கிறார்," என்றான் கஜரூபன், நிலத்திலிருந்தபடி. ஓம், என்றார் இவர்.

பிறகு நடந்ததெல்லாம் வேலை. அவரை நாற்காலிக்கு மாற்றிக் குசினிக்குத் தள்ளிக்கொண்டு போனது, கஜரூபன் அவருடைய அக்குளுக்குள் கைகொடுத்து ஒரு, ரெண்டு, மூண்டு என்று தூக்கினது, கட்டிலை ஓரத்துக்கு இழுத்தது, காபெற்றைச் சுருட்டினது, பலகையைக் கிளப்பினது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். செப்புக் குழாயில் ஒரு ஆணி. முன்னறையை இவருடைய அறையாக்கினபோது கட்டில் ஆடாமலிருக்கப் பலகைக்கு அடித்த ஆணி, குழாயின் விளிம்பில் ஏறி, இவ்வளவு நாளும் தானே அடைத்துக்கொண்டிருந்து, இப்போது துருப்பிடித்து வழிவிட்டிருக்கிறது. ஊசி முனை அளவு ஓட்டை, அதிலிருந்து விசிறிக்கொண்டு போகிற தண்ணீர், கீழே வெறும் மண், மண் எல்லாவற்றையும் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. நான் அதைப் பார்த்தேன், நல்லது என்றேன், உண்மையில் எனக்கு அந்த ஆணியோ மண்ணோ கண்ணில் படவில்லை. என் தலைக்குள் வேறொன்று சிக்கி நின்றது. காது கேட்கிறது. அது இல்லை, காது கேட்பது தெரியும். கேட்டது தண்ணி என்று தெரிகிறது. அது வெளியில் ஓடுகிற தண்ணி, ஓடக்கூடாத தண்ணி என்று தெரிகிறது, அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, சொல்லி விளங்காவிட்டால் நாளைக்கும் சொல்ல வேண்டும், விளங்காத மனிசி கோப்பையோடு வந்தால் வாயை இறுக்க வேண்டும் என்று தெரிகிறது. இவ்வளவும் தெரிகிற மனிதனுக்கு வேறு என்ன தெரியாது. கட்டில் விளிம்பில் போன். சத்தத்தைக் கூட்டிவிட்டு. ஒண்டும் விளங்காது என்ற அக்காவின் குரல். ஹோம் பாத்தாச்சு என்ற என் குரல். நித்திரையிலை போய்ச் சேந்திட்டால். கஞ்சி விழுங்கின தொண்டை ஏறி இறங்கினது. சுவரைப் பிடித்துக்கொண்டேன், சுவர் காய்ந்து குளிர்ந்திருந்தது. எத்தனை தரம் சொன்னேன். என்னவெல்லாம் சொன்னேன். மலம் துடைக்கிறதைப் பற்றி, நாற்றத்தைப் பற்றி, அழகான மனிசன் எண்டு கட்டினன் இப்ப பார் எண்டு சிரித்ததைப் பற்றி. ஒவ்வொன்றாக வந்து சிக்குகிறது, இழுத்தால் அடுத்தது வருகிறது, நூல் அறுவதாகக் காணவில்லை.

கஜரூபன் குழாயை வெட்டிப் புதுத் துண்டு வைத்து, காய்ச்சி ஒட்டி, பலகையைப் போட்டு, இந்த முறை ஆணி இல்லை அன்ரி, ஸ்குரூ, குழாயைவிட்டு எட்டத்தான் போட்டனான் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, முள்ளைப் பச்சையில் நிறுத்தி, அங்கிளிடம் கைகொடுத்துவிட்டுப் போனான். கதவு சாத்தினது. குசினிக்குள் நானும் இவரும். சாப்பாட்டு மேசையில் இவர் நாற்காலியோடு இருந்து வெகுகாலம், மேசைக்கு ஒரு பக்கம் ஆள் இருந்தால் மேசையே வேறு மாதிரி இருக்கிறது. றேடியேற்றர் டிக்டிக்கென்று சூடேறத் தொடங்கியது. நான் எதிரில் இருந்தேன். ஏதாவது வேலை செய்யலாம், அரிசி ஊறப் போடலாம், அறையைத் துடைக்கலாம், எழும்பினால் இதைக் கேட்காமலே இருந்துவிடுவேன் என்று தெரிந்தது. "இஞ்சேருங்கோ." பார்த்தார். "நான் அக்காவோடை போனிலை கதைக்கிறது எல்லாம் உங்களுக்குக் கேக்கிறதோ?" குரல் எனக்கே பிடிக்கவில்லை. "நான் சொன்னதெல்லாம் விளங்கினதோ, அப்பா?" ஓம் என்பார். கேட்டாலும் ஓம், கேட்காவிட்டாலும் ஓம், சப்பாத்துக்கும் திறப்புக்கும் ஓம், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. அவருடைய வாய் அசைந்தது. அசைந்து நின்றது. வலது பக்க உதடு இழுபட்டு, எதையோ தூக்கமுடியாமல் தூக்குகிற ஆளைப் போல முகம் சிவந்தது. "இல்லை," என்றார்.

இல்லை. வந்துவிட்டது ஒரு சொல். எச்சிலோடு, லகரம் முழுவதாக வராமல், ஆனால் இல்லை. பூனைக்கு வராதது, சப்பாத்துக்கு வராதது. நாப்பது வருஷம் என்னோடு இருந்த வாய் இது, கொவன்றியில் பஸ் ஓட்டி, ஏறுகிற சனங்களோடு நாள் முழுக்க வாதாடிவிட்டு வந்து மிச்சத்தை என்னோடு வாதாடுகிற வாய், வாயைத் திறந்தாலே இல்லை, நீ சொல்லுறது பிழை என்றுதான் தொடங்கும். கேட்டது விளங்காமல் ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வராது. விளங்கினபடியால்தான், எல்லாம் கேட்டபடியால்தான், எனக்காக அந்தச் சொல்லை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்து முன்னால் போட்டிருக்கிறார். பொய். "பொய் சொல்லுறியள்," என்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது, சட்டைக் கையால் துடைத்தேன், அந்தக் கையில் காலமை சிந்தின மாத் தண்ணீர் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர், சொன்னது போதும் என்ற மாதிரி மூச்சுவாங்கினார்.

வியாழக்கிழமை நினைவு வந்தது. அந்தப் பிள்ளை வந்து என்னோடும் அபிராமியோடும் கதைப்பாள், முன்னறையில், இவருடைய தலைக்கு மேலாலே. எல்லாம் முடிவான கதை. இப்போது முடிவாகவில்லை. "அபிராமி ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறாள்," என்றேன். "உங்களுக்குத் தெரியும்தானே. ஹோம். சூடாம், கூடமாட உதவிக்கு ஆக்களாம். வியாழக்கிழமை கேப்பினம். நான் என்ன சொல்லட்டும்? போறியளோ?" ஓம் வரும் என்று காத்திருந்தேன், அல்லது இல்லை. இரண்டும் வரவில்லை. வலது கண் என்னை விட்டு விலகி மேசையில், கையுறை போட்ட தன் இடது கையில் கொஞ்ச நேரம் நின்றது. விளங்காமல் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், இது அது இல்லை. யோசிக்கிறார். நான் ஆடாமல் இருந்தேன், ஆடினால் கலைந்துவிடும். றேடியேற்றருக்குள் தண்ணீர் நிரம்பி ஓடுகிற சத்தம், அது எங்கேயும் வெளியே போகாமல் சுற்றிச் சுற்றி வருகிற சத்தம். பிறகு அந்த உதடு மறுபடியும் இழுபட்டது. "நீ?" என்றார்.

என்னை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார்கள், எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு என்னவோ, நான் பாத்துக்கொள்ளுவன், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, அப்படி ஏதோ. வாயில் வந்தது அது இல்லை. "எனக்குக் களைப்பு அப்பா," என்றேன். "சரியான களைப்பு. என்னாலை தனிய ஏலாது. உங்களை அனுப்பவும் ஏலாது. எனக்குத் தெரியேல்லை." அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொண்டேயிருந்தேன், இடுப்பைப் பற்றி, முழங்காலைப் பற்றி, இரவில் படியில் இறங்கி வந்து அவருடைய மூச்சைப் பார்த்துவிட்டு ஏறுவதைப் பற்றி, அக்காவுக்குச் சொன்னதையெல்லாம் இந்த முறை அவருக்கு, அவருடைய முகத்தைப் பார்த்து. இடையில் அவருடைய வலது கை மேசையால் நகர்ந்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்தது, ஆறுதலுக்கோ, நிற்பாட்டச் சொல்லியோ தெரியவில்லை. வியாழக்கிழமை அந்தப் பிள்ளை வந்தால், இவரைக் கேள், கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திரு, அவருக்கு நேரம் எடுக்கும் என்று சொல்ல வேண்டும். அபிராமிக்கும் சொல்ல வேண்டும். இப்போது இல்லை. தலையை மேசையில் வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை. வீடு சூடாகிக்கொண்டு வந்தது, கண் சொருகியது, அவர் என் சட்டைக் கையை விடவில்லை.